பேட்டரியைப் பார்த்து டார்ச் வாங்குவோம்



இன்று பேச எடுத்துக்கொண்டிருப்பது கையளவே உள்ள ஒரு சாமான்: சார்ஜ் போட்டுப் பயன்படுத்தும் டார்ச் லைட். சாதாரணக் குடும்பம் ஒன்று தன் கைக்கு எட்டும் விலையில், அன்றாடப் புழக்கத்துக்கு எந்த டார்ச்சை வாங்க வேண்டும்? எதைப் பார்த்து வாங்க வேண்டும்? இதற்கெல்லாம் ஒரு சொற்பொழிவா என்று யாராவது நினைக்கலாம். நகரத்தில், தெருவிளக்கு எரியும் சாலையில், இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் வாழ்கிறவருக்கு டார்ச் ஒரு சில்லறைப் பொருளாகத் தோன்றலாம். ஆனால் இரவில் மும்முனை மின்சாரம் வரும்போது எழுந்துபோய் மோட்டார் போட்டு மடை திருப்புகிற விவசாயிக்கு அது சில்லறைப் பொருளா? கொல்லைப்புறத்துக் கழிப்பறைக்கு நடக்கிற பாட்டிக்கு? விடியுமுன் பால் கறக்கத் தொழுவத்துக்குப் போகிற பெண்ணுக்கு? இவர்களுக்கு டார்ச் என்பது உயிர்காக்கும் கருவி. அப்படிப்பட்ட கருவியை நம் கடைத்தெருவில் எப்படி விற்கிறார்கள், நாம் எப்படி வாங்குகிறோம் என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

உயிர்காக்கும் கருவி என்று சொன்னேன். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். இறந்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்தில் வாழ்ந்தவர்கள். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாடு அரசு 2024-இல் அதை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக்கியது. நம் மண்ணில் அதிகம் உயிர் வாங்கும் நான்கு பாம்புகள் நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன். இவற்றில் கட்டுவிரியன் முழுக்க முழுக்க இரவில் நடமாடுவது. வீட்டுக்குள் நுழையும். தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடித்த வலிகூடப் பல நேரம் தெரியாது. கடித்த பிறகு காப்பாற்ற விஷமுறிவு மருந்து இருக்கிறது. அந்த மருந்துக்கான விஷத்தை எடுத்துக் கொடுப்பதில் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த மக்களுக்கு இந்த நாடு பட்டிருக்கும் கடன் பெரிது. ஆனால் கடிபடும் முன்பே காப்பாற்றுவது எது? காலில் செருப்பும் கையில் வெளிச்சமும்தான். பாம்புக்கடி குறித்த மருத்துவ வழிகாட்டுதல்களும் இரவில் நடக்கும்போது விளக்கு எடுத்துச் செல்லுங்கள் என்று சொல்கின்றன.

புயலையும் நினைத்துப் பாருங்கள். 2011 டிசம்பர் 30-இல் கடலூரைத் தாக்கிய தானே. 2016 டிசம்பர் 12-இல் சென்னையைப் புரட்டிய வர்தா. 2018 நவம்பர் 16-இல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த கஜா. கஜாவுக்குப் பிறகு காவிரி டெல்டாவின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. சார்ஜ் போட வழியே இல்லாத இரவுகள் அவை. அந்த இரவுகளில் ஒரு வீட்டில் இருந்த டார்ச் எத்தனை நாள் எரிந்தது? முதல் இரவோடு கண்ணை மூடிக்கொண்டதா, ஒரு வாரம் தாக்குப்பிடித்ததா? டார்ச்சை மதிப்பிட இதைவிடச் சரியான கேள்வி கிடையாது. ஆனால் கடையில் நாம் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. எவ்வளவு தூரம் அடிக்கும் என்று கேட்கிறோம். கடைக்காரர் எதிர்க்கடையின் பெயர்ப்பலகையில் அடித்துக் காட்டுகிறார். வெளிச்சம் கண்ணைப் பறிக்கிறது. பணத்தைக் கொடுத்துவிடுகிறோம்.

இங்கேதான் என் வாதம் தொடங்குகிறது. டார்ச்சில் விலை கொடுத்து வாங்க வேண்டியது பேட்டரியை. வெளிச்சம் இன்றைக்கு எல்லா டார்ச்சிலும் இருக்கிறது. நல்ல பேட்டரி எல்லா டார்ச்சிலும் இல்லை. ஏன் இப்படி ஆனது என்பதற்குக் கொஞ்சம் வரலாறு தேவை. கையில் பிடிக்கும் மின்விளக்குக்கு டேவிட் மிசெல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1899-இல். அதற்குப் பிறகு நூறு ஆண்டுகள் டார்ச்சின் அடிப்படை மாறவில்லை: உலர் மின்கலம், சின்னஞ்சிறு குண்டு பல்பு. பிறகு இரண்டு கண்டுபிடிப்புகள் வந்தன. நீல நிற எல்.இ.டி.யை அகாசாகி, அமானோ, நகாமுரா ஆகிய மூவர் சாத்தியமாக்கினார்கள். அதிலிருந்து வெள்ளை எல்.இ.டி. பிறந்தது. நீல எல்.இ.டி.க்காக அவர்களுக்கு 2014-இல் நோபல் பரிசு. லித்தியம் அயனி பேட்டரியை 1991-இல் சோனி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் வேதியியலுக்கு வழி வகுத்த குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகியோருக்கு 2019-இல் நோபல் பரிசு. இந்த இரண்டும் உங்கள் உள்ளங்கையில் வந்து சேர்ந்திருக்கின்றன. இவற்றில் எல்.இ.டி. இன்று மிக மலிவு. மலிவான எல்.இ.டி.கூட நன்றாகவே எரிகிறது. பேட்டரி அப்படி மலியவில்லை. ஆகவே விலையைக் குறைக்க நினைக்கிற தயாரிப்பாளர் எங்கே கை வைப்பார்? வெளியே தெரியாத இடத்தில், பேட்டரியில்தான் கை வைப்பார்.

சரி, நமக்கு உண்மையில் எவ்வளவு வெளிச்சம் வேண்டும்? வெளிச்சத்தின் மொத்த அளவை லூமன் என்ற அலகால் சொல்கிறோம். இரண்டு கட்டை பேட்டரி போட்ட அந்தப் பழைய பித்தளை டார்ச்சைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதன் குண்டு பல்பு கொடுத்தது பத்துப் பதினைந்து லூமன்தான். அந்த வெளிச்சத்தில் நம் முன்னோர் களத்துமேட்டில் காவல் காத்தார்கள், வரப்பில் நடந்தார்கள், கன்று ஈனும் மாட்டுக்குத் துணை நின்றார்கள். இன்று நூறு லூமன் என்பது அதைப்போல் ஏழெட்டு மடங்கு. ஒற்றையடிப் பாதையில் நடக்கத் தேவை, ஐந்து முதல் பத்து மீட்டர் தொலைவு தெளிவாகத் தெரிவது. ஓரளவு குவிந்த ஒளியுள்ள நூறு லூமன் டார்ச்சே அந்தத் தொலைவில், ஊர்த் தெருவிளக்கின் கீழே கிடைக்கும் அளவு வெளிச்சத்தைக் கொடுத்துவிடும். வீட்டுக்குள் அந்த நூறுகூட வேண்டாம். இருபது முப்பது லூமன் போதும். வெள்ளையடித்த கூரையுள்ள அறையில் டார்ச்சை நிமிர்த்தி வைத்து மேலே அடிக்கவிட்டால் ஒளி கூரையில் பட்டு அறை முழுக்கப் பரவும். குடும்பம் உட்கார்ந்து சாப்பிட அது தாராளம்.

அப்படியென்றால் அட்டைப்பெட்டியில் ஒரு கிலோமீட்டர் அடிக்கும் என்று போட்டிருக்கிறதே, அது எதற்கு? அந்த எண்ணின் பின்னால் இருக்கும் கணக்கைப் பாருங்கள். டார்ச்சுகளை அளப்பதற்கு அமெரிக்காவில் 2009-இல் ஒரு தரநிலை வகுத்தார்கள். எஃப்.எல்.1 என்று பெயர். ஒளி எட்டும் தூரம் என்று அது எதைச் சொல்கிறது? எந்த இடத்தில் வெளிச்சம் கால் லக்ஸ் அளவுக்குக் குறைந்துபோகிறதோ அந்த இடம் வரையிலான தூரத்தை. கால் லக்ஸ் என்பது ஏறக்குறைய பௌர்ணமி நிலவின் வெளிச்சம். முறைப்படி அளந்து எழுதிய நல்ல நிறுவனத்து டார்ச்சே இருநூறு மீட்டர் என்று சொன்னால், இருநூறாவது மீட்டரில் நிலா வெளிச்சம் அளவுதான் இருக்கும் என்று பொருள். இன்னொன்று. தூரம் இரண்டு மடங்காக வேண்டுமானால் ஒளியின் செறிவு நான்கு மடங்காக வேண்டும். அந்தச் செறிவின் அலகு கேண்டெலா. நூறு மீட்டருக்கு 2,500 கேண்டெலா போதும் என்றால் இருநூறு மீட்டருக்கு 10,000 வேண்டும். ஒரு கிலோமீட்டருக்கு 2,50,000 வேண்டும். காவல்துறைக்கும் வனத்துறைக்கும் மீட்புப் படைக்கும் அது தேவைப்படலாம். வாசலுக்கும் கொல்லைக்கும் வரப்புக்கும் இடையே நடமாடுகிற நமக்கு எதற்கு? அவ்வளவு குறுகலாகக் குவிந்த ஒளி காலடியில் ஒரு சிறு வட்டத்தை மட்டும் சுட்டெரிக்கும். அந்த வட்டத்துக்கு இரண்டடி தள்ளி என்ன கிடக்கிறது என்று காட்டாது. பாம்பு கிடக்கும் இடம் பெரும்பாலும் அந்த இரண்டடிதான்.

இப்போது முக்கியமான கணக்குக்கு வருவோம். மேல்நிலைத் தொட்டியையும் குழாயையும் நினைத்துக்கொள்ளுங்கள். லூமன் என்பது குழாயின் அகலம். பேட்டரி என்பது தொட்டி. தொட்டியின் கொள்ளளவை வாட்-மணி என்ற அலகால் அளக்கிறோம். பேட்டரியின் மேல் எம்.ஏ.எச். என்று ஓர் எண் இருக்கும். அதை ஆயிரத்தால் வகுத்து, வோல்ட்டால் பெருக்கினால் வாட்-மணி கிடைத்துவிடும். இன்று பரவலாகக் கிடைக்கும் லித்தியம் மின்கலத்தின் பெயர் 18650. பதினெட்டு மில்லிமீட்டர் விட்டம், அறுபத்தைந்து மில்லிமீட்டர் நீளம் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். 2,500 எம்.ஏ.எச்., 3.6 வோல்ட் என்றால் 9 வாட்-மணி. ஒரு வாட் மின்சாரத்துக்கு, லென்ஸிலும் மின்சுற்றிலும் போகிற இழப்பெல்லாம் கழித்து, டார்ச்சின் எல்.இ.டி. ஏறக்குறைய நூறு லூமன் தரும். நல்லது சற்று அதிகம் தரும், மட்டமானது குறைவாகத் தரும். நூறு என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் இந்த மின்கலம் நூறு லூமனில் ஒன்பது மணி நேரம் எரியும். முப்பது லூமனில் முப்பது மணி நேரம். இரவுக்கு நான்கு மணி நேரம் என்று செலவழித்தால் ஒரு வாரம். கஜாவின் முதல் வாரம் முழுவதையும் ஒரே ஒரு சார்ஜில் கடந்துவிடலாம். அதே மின்கலத்தை ஆயிரம் லூமனில் எரித்தால்? ஒரு மணி நேரம்கூட நிற்காது.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போங்கள். உள்ளங்கையில் மறையும் ஒரு குட்டி டார்ச். பெட்டியில் ஆயிரம் லூமன் என்று இருக்கிறது, ஐந்து மணி நேரம் எரியும் என்றும் இருக்கிறது, பேட்டரி 1,200 எம்.ஏ.எச். என்றும் இருக்கிறது. 1,200 எம்.ஏ.எச். என்பது நாலரை வாட்-மணிகூட இல்லை. ஆயிரம் லூமனுக்குப் பத்து வாட் வேண்டும். அரை மணி நேரத்துக்குள் தொட்டி காலி. மூன்று எண்களில் ஏதோ ஒன்று பொய். அல்லது ஆயிரம் லூமன் முதல் ஒரு நிமிடத்துக்கு மட்டும், ஐந்து மணி நேரம் என்பது மங்கிப்போன வெளிச்சத்துக்கு. எஃப்.எல்.1 தரநிலைகூட, தொடக்க வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை எரிகிற நேரத்தைத்தான் எரியும் நேரம் என்று கணக்கிடுகிறது. ஆகவே பெட்டியில் உள்ள லூமனையும் மணி நேரத்தையும் சேர்த்துப் படித்து ஏமாறாதீர்கள். அவை இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பவை அல்ல.

எம்.ஏ.எச். எண்ணிலேயே பொய் சொன்னால் என்ன செய்வது? சொல்கிறார்கள். 18650 அளவு மின்கலத்தின் மேல் 9,900 எம்.ஏ.எச். என்று அச்சடித்து விற்கிறார்கள். உலகின் முன்னணித் தயாரிப்பாளர்கள் அந்த அளவில் பரவலாக விற்கும் மின்கலங்கள் 3,500 எம்.ஏ.எச். பக்கம்தான் நிற்கின்றன. ஆகவே இந்த அளவில் நாலாயிரத்தைத் தாண்டி எழுதியிருந்தால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடலாம். எண்ணைப் பொய்யாக அச்சடிக்க முடியும். எடையை அப்படிச் செய்வது கடினம். நல்ல 18650 மின்கலம் 45 கிராம் அளவில் இருக்கும். பாதி வெற்றாக உள்ளது முப்பதைச் சுற்றி இருக்கும். நகைக்கடைத் தராசோ அஞ்சல் நிலையத் தராசோ உண்மையைச் சொல்லிவிடும். கடிகாரமும் சொல்லும். பேட்டரி அடியோடு தீர்ந்த பிறகு சார்ஜில் போடுங்கள். மலிவு டார்ச்சுகள் பெரும்பாலும் அரை ஆம்பியர் முதல் ஒரு ஆம்பியர் வரைதான் இழுக்கும். ஒரு ஆம்பியரில் 9,900 நிரம்பப் பத்து மணி நேரம் ஆக வேண்டும். ஒரே மணி நேரத்தில் பச்சை விளக்கு எரிந்துவிட்டால், உள்ளே இருப்பது ஆயிரத்தைத் தாண்டாது. பள்ளிக்கூடத்து வகுத்தலும் பெருக்கலும் தெரிந்த எவரும் செய்யக்கூடிய பரிசோதனை இது. நம் பிள்ளைகளைக் கொண்டே செய்ய வைக்கலாம்.

அடுத்து, பேட்டரியின் வகை. நம் ஊர் எலக்ட்ரிக்கல் கடைகளில் அதிகம் விற்பது, உடம்பிலேயே இரண்டு முள் பிளக் வைத்த பிளாஸ்டிக் டார்ச். இதில் பழைய மாதிரிகளிலும் மலிவு மாதிரிகளிலும் இருப்பது 4 வோல்ட் ஈய அமில பேட்டரி. கொள்ளளவு பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாட்-மணி. அளவு சிறிது என்பதைவிடப் பெரிய குறை ஒன்று இதற்கு உண்டு. ஈய பேட்டரியைத் தீர்ந்த நிலையில் விட்டுவைத்தால் அதன் தகடுகளில் சல்பேட் இறுகிப் படிந்துவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. சித்திரையில் பரணில் போட்டுவிட்டு ஐப்பசி மழையில் எடுக்கிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அந்தப் பழக்கத்துக்கு ஈய பேட்டரி தாங்காது. மழைக்கால டார்ச் மழைக்காலத்தில் எரியாமல் போவதற்குக் காரணம் இதுதான். இன்னொரு ஆபத்தும் உண்டு. இவற்றில் பலவற்றுக்குள்ளே மின்மாற்றி கிடையாது. ஒரு மின்தேக்கியைக் கொண்டு வீட்டு மின்சாரத்தை இறக்கிக்கொள்கிறார்கள். சார்ஜ் ஏறும்போது உள்பாகங்கள் 230 வோல்ட் கம்பியோடு நேரடித் தொடர்பில் இருக்கும். மூடி விரிசல் விட்டிருந்தாலோ ஈரக்கையால் தொட்டாலோ என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. யு.எஸ்.பி. வழியாக, தரமான போன் சார்ஜரில் சார்ஜ் ஏறும் டார்ச்சில் ஐந்து வோல்ட்தான் வரும். குழந்தைகள் உள்ள வீட்டில் அதைத் தேர்ந்தெடுக்க இது ஒன்றே போதுமான காரணம்.

லித்தியத்துக்கு அடுத்து இன்னொரு நல்ல வழியும் இருக்கிறது. பென்சில் பேட்டரி அளவில் வரும், திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு மின்கலம். ஒன்றுக்கு 1.2 வோல்ட், ஏறக்குறைய 2,000 எம்.ஏ.எச். இரண்டு போட்டால் ஐந்து வாட்-மணிக்குச் சற்றுக் குறைவு. தீப்பிடிக்கும் அச்சம் லித்தியத்தைவிட மிகக் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வசதி: மின்சாரம் இல்லாத ஊரில், சார்ஜ் தீர்ந்த இரவில், பெட்டிக்கடையில் சாதாரண பென்சில் பேட்டரி இரண்டை வாங்கிப் போட்டு அதே டார்ச்சை எரித்துக்கொள்ளலாம். தீவிர வெளிச்சம் வேண்டாத வீடுகளுக்கு, குறிப்பாக முதியவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளுக்கு, லித்தியத்துக்கு முன்னால் இதைத்தான் பரிந்துரைப்பேன்.

இங்கே சில மறுப்புகள் எழும். அவற்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். முதல் மறுப்பு: கையில் போன் இருக்கிறது, போனிலேயே டார்ச் இருக்கிறது, தனியாக எதற்கு? பூட்டுத் துவாரம் தேட, கட்டிலுக்கடியில் உருண்ட மாத்திரையை எடுக்கப் போன் விளக்கு போதும். மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒளி குவியாமல் பரந்து விரிவது. மூன்று நான்கு மீட்டருக்கு அப்பால் பாதையைக் காட்டாது. மழையில் ஈரக்கையோடு போனைப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடப்பது போனுக்கும் நல்லதல்ல, நடப்பவருக்கும் நல்லதல்ல. ஒன்றை மறக்கக் கூடாது. பாம்பு கடித்துவிட்டது, 108 ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும், அந்த நேரத்தில் போனில் சார்ஜ் இருக்க வேண்டும். புயல் இரவில் ஊரோடு தொடர்பு வைத்திருக்கும் ஒரே கருவி அது. அதன் பேட்டரியை வெளிச்சத்துக்காகச் செலவழிப்பது, பேசுவதற்கு வைத்திருக்கும் உரிமையைச் செலவழிப்பது.

இரண்டாவது மறுப்பு: பழைய கட்டை பேட்டரி டார்ச்சே நல்லது, சார்ஜ் தொல்லையே இல்லை. இதில் உண்மை இருக்கிறது. நல்ல உலர் மின்கலம் பல ஆண்டுகள் அலமாரியில் தன் சக்தியைப் பெரிதும் இழக்காமல் இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கிற டார்ச் என்றால் அதுவே சரி. நம் பேச்சோ அன்றாடப் புழக்கம் பற்றியது. தினமும் அரை மணி நேரம் எரிகிற வீட்டில் உலர் மின்கலத்தின் செலவு டார்ச்சின் விலையை விரைவில் தாண்டிவிடும். தீர்ந்த மின்கலத்தை உள்ளேயே மறந்துவிட்டால் அது கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும். அலமாரிக்கு ஒன்று, கைக்கு ஒன்று என்று இரண்டையும் வைத்துக்கொள்ள முடிந்த வீடு பாக்கியம் செய்த வீடு. ஒன்றுதான் முடியும் என்றால் சார்ஜ் போடுவதை வாங்குங்கள்.

மூன்றாவது மறுப்பு கனமானது: கழற்றி மாற்றக்கூடிய லித்தியம் மின்கலம் ஆபத்தல்லவா, உள்ளேயே பதித்து வருவது பாதுகாப்பல்லவா? ஆபத்து உண்மை. தனி மின்கலத்தைச் சாவிக்கொத்தோடோ சில்லறையோடோ பையில் போட்டால் குறுக்குமின்சுற்று ஏற்பட்டுத் தீப்பிடிக்கும். உப்பியது, நசுங்கியது, மேலுறை கிழிந்தது எதையும் சார்ஜில் போடக் கூடாது. ஆனாலும் கழற்றக்கூடியதையே வாங்குங்கள் என்கிறேன். ஏன்? லித்தியம் மின்கலம் முந்நூறு, ஐந்நூறு முறை முழுதாகத் தீர்ந்து நிரம்பினால் கொள்ளளவில் கணிசமாகக் குறைந்துவிடும். அப்போதும் எல்.இ.டி. புதிது போலவே இருக்கும். பதித்து வைத்த டார்ச் என்றால் எல்.இ.டி., லென்ஸ், அலுமினிய உடம்பு எல்லாவற்றையும் சேர்த்துக் குப்பையில் போட வேண்டும். கழற்றக்கூடியது என்றால் மின்கலத்தை மட்டும் மாற்றினால் போதும். ஆபத்துக்கு மருந்து வேறு இடத்தில் இருக்கிறது. இந்தியாவில் விற்கும் லித்தியம் மின்கலங்களுக்கு இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். ஐ.எஸ். 16046 என்ற எண்ணும், ஆங்கிலத்தின் ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் மின்கலத்தின் மேல் இருக்க வேண்டும். பாதுகாப்புச் சுற்று உள்ள மின்கலமாகக் கேளுங்கள். மின்கலத்தைத் தனியே வெளியே எடுக்காமல் டார்ச்சுக்குள்ளேயே யு.எஸ்.பி. வழியாக சார்ஜ் ஏற்றக்கூடியதும், தேவைப்படும்போது மட்டும் மூடியைத் திருகி மாற்றக்கூடியதும் கிடைக்கின்றன. வீட்டுக்கு ஏற்றது அதுதான்.

நான்காவது மறுப்பு விலை. இருநூறு ரூபாய்க்குக் கிடைப்பதை விட்டுவிட்டு எழுநூறு எண்ணூறு எதற்குக் கொடுக்க வேண்டும்? கூலி வேலை செய்யும் குடும்பம் கேட்டால் இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதற்கு மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். இருநூறு ரூபாய் டார்ச்சை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகிற வீடு ஐந்து ஆண்டில் ஆயிரம் ரூபாய் செலவழிக்கிறது. அந்த ஐந்தாண்டில் அவசரத்துக்கு எடுத்தபோது எரியாமல்போன இரவுகளுக்குக் கணக்கில்லை. எழுநூறு ரூபாய் டார்ச் ஐந்து ஆண்டு வந்து, நடுவில் ஒரு மின்கலம் மாற்றினாலும் செலவு ஏறக்குறைய அதேதான். ஒரே நேரத்தில் எழுநூறு முடியாது என்றால், வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், பேட்டரியைக் குறைக்காதீர்கள். ஆயிரம் லூமன் மாதிரியை விட்டுவிட்டு, பெயர் தெரிந்த நிறுவனத்தின் நூற்றைம்பது லூமன் மாதிரியை எடுங்கள். ஜூம் வேண்டாம், சிவப்பு நீல விளக்கு வேண்டாம், சைரன் வேண்டாம். முதுகில் ஒட்டிய சோலார் தகடும் வேண்டாம். தீப்பெட்டி அளவுத் தகடு உச்சி வெயிலிலும் அரை வாட்டைத் தாண்டாது. ஒன்பது வாட்-மணியை நிரப்ப அது நாட்கணக்கில் வெயிலில் காய வேண்டும். அந்த வெயில் தகட்டுக்கு நல்லது, உள்ளே இருக்கும் லித்தியத்துக்குக் கெடுதல்.

ஒளியின் தரத்தைப் பற்றி இரண்டு சொல். மலிவு எல்.இ.டி.கள் நீலம் பாய்ந்த வெள்ளையாக எரியும். பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும். ஆனால் பழுப்பையும் செம்மண்ணையும் காய்ந்த சருகையும் பிரித்துக் காட்டுவதில் அது பின்தங்கும். சருகுக்குள் கிடக்கும் கண்ணாடி விரியனின் நிறம் அந்தச் சருகின் நிறம்தான். சற்றே இளமஞ்சள் கலந்த, ஒளியின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் அளவில் நாலாயிரம் ஐயாயிரம் உள்ள மாதிரி கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பனிமூட்டத்தில் நடக்கிறவர்கள் டார்ச்சை இடுப்புக்குக் கீழே இறக்கிப் பிடியுங்கள். கண்ணுக்கு அருகில் பிடித்தால் பனித்துளிகளில் பட்டு ஒளி கண்ணுக்கே திரும்பிவிடும். மங்கலான வெளிச்சம் தரும் நிலை கட்டாயம் இருக்க வேண்டும். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். நடுராத்திரியில் ஆயிரம் லூமனைச் சுவரில் அடித்துப் பார்த்த முதியவர், அணைத்தபின் சில நிமிடங்கள் எதுவும் தெரியாமல்தான் நடப்பார். விழுந்து இடுப்பெலும்பு முறிவது அப்படிப்பட்ட நேரத்தில்தான். பொத்தானை அமுக்கினால் முதலில் மங்கலாக எரிந்து, அடுத்த அமுக்கலில் கூடுகிற டார்ச் பெரியவர்களுக்கு நல்லது. மழைக்கு ஐ.பி.எக்ஸ்.4 என்ற குறி போதும். எல்லாப் பக்கத்திலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும் என்று அதற்குப் பொருள். ஆழமில்லாத தண்ணீரில் விழுந்தாலும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் ஐ.பி.எக்ஸ்.7.

வாங்கும்போது உங்கள் வீட்டில் இருக்கும் சார்ஜரையும் கேபிளையும் எடுத்துச் செல்லுங்கள். டைப்-சி துளை இருக்கிறது என்று வாங்கிவிட்டு, இரண்டு முனையும் டைப்-சியான புதிய போன் கேபிளில் போட்டால் சில மலிவு டார்ச்சுகளில் சார்ஜே ஏறாது. ஓரிரண்டு பைசா பெறாத மின்தடைகளை மிச்சம் பிடித்திருப்பார்கள். பழைய அகல முனை சார்ஜரில்தான் அது ஏறும். கடையிலேயே சொருகிப் பார்த்துவிடுவது நல்லது. வீட்டுக்கு வந்தபின் வெயிலில் நிறுத்திய வண்டியின் பெட்டியிலோ, அடுப்புக்கு மேலுள்ள அலமாரியிலோ வைக்காதீர்கள். லித்தியத்துக்குச் சூடுதான் எதிரி. பெரும்பாலான மின்கலங்களை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. வேலூரின் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியில் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும். நீண்ட நாள் எடுக்கப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வையுங்கள். புயல் எச்சரிக்கை வந்த அன்றே முழுதாக நிரப்பிவிடுங்கள். தீர்ந்துபோன மின்கலத்தைக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், விற்ற பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர் மேல் வைத்திருக்கின்றன. வாங்கிய கடையிலேயே எங்கே கொடுப்பது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

கேட்பது என்று வந்துவிட்டதால் இந்த அவையின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். பிஸ்கட் பாக்கெட்டில் நிகர எடை போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியில் நட்சத்திரக் குறி ஒட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஏழை வீட்டு டார்ச்சின் பெட்டியில் மட்டும் யார் வேண்டுமானாலும் எந்த எண்ணையும் அச்சடிக்கலாமா? பேட்டரியின் உண்மையான வாட்-மணி எவ்வளவு, நூறு லூமனில் எத்தனை மணி நேரம் எரியும், மின்கலத்தை மாற்ற முடியுமா முடியாதா என்ற மூன்று விவரங்களைத் தமிழில் பெட்டியின் மேல் அச்சிட வேண்டும். இதை இங்கே கூடியிருக்கும் நுகர்வோர் அமைப்பு நண்பர்கள் எழுத்து மூலம் கேட்க வேண்டும். அது நடக்கும் வரை, கடைக்குப் போகும் ஒவ்வொருவரும் அந்த மூன்று கேள்வியையும் கடைக்காரரிடமே கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு அவர் பதிலைத் தெரிந்து வைத்திருப்பார்.